கடைசி இரண்டு ஆப்ஷன்கள்: இன்ஃபரன்ஸ் கேள்விக்கு எந்த வழி கைகொடுக்கும்?

பத்தியைப் படித்தாகிவிட்டது. கேள்வியும் புரிகிறது. நான்கு ஆப்ஷன்களில் இரண்டைப் பார்த்ததுமே தள்ளிவிட்டோம். மிச்சம் இருக்கும் இரண்டும் சரி போலவே தெரிகின்றன. ஒரு நிமிடம் கரைகிறது. மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம். பிறகு விடைக்குறிப்பைப் பார்த்தால் மற்றது சரி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பலர் என்னிடம் சொல்லும் கதை இது. நானும் நீண்ட நாள் இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தவன்.

இதிலிருந்து வெளியே வர ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கேள்வியை முதலில் படி என்பார் ஒருவர். ஆப்ஷனைப் பார்க்காமல் விடையை நீயே யோசி என்பார் இன்னொருவர். தவறானதைக் கழித்துக்கொண்டே வந்தால் சரியானது நிற்கும் என்பது மூன்றாமவர் வாக்கு. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி முயன்றால் எதுவும் கைக்குப் பழகாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு உதவியாக இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கேள்வி என்ன கேட்கிறது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். நேரடித் தகவல் கேள்விக்குப் பத்தியில் ஒரு வரி இருக்கும். விரல் வைத்துக் காட்டிவிடலாம். இன்ஃபரன்ஸ், அதாவது பத்தியிலிருந்து உய்த்துணரச் சொல்லும் கேள்விக்கு அப்படி ஒரு வரி இருக்காது. ஆனால் பத்தியில் இருப்பவை உண்மை என்றால், அந்த விடையும் உண்மையாக இருந்தே தீர வேண்டும். இந்த ‘இருந்தே தீர வேண்டும்’ என்பதுதான் நம் கையிலிருந்து நழுவுகிறது. ஆசிரியர் மறைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தேவைக்கு மேல் யோசித்துவிடுகிறோம். சரியான விடை பெரும்பாலும் மிகச் சின்ன எட்டுதான். பத்தியை விட்டு அரை அடி தள்ளி நிற்கும். இரண்டு அடி தள்ளி நிற்பது எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றினாலும் தவறு.

நம் பழைய தருக்க மரபில் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகள், அதாவது அறியும் வழிகள், சொல்வார்கள். கண்ணால் காண்பது காட்சி. மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று தெளிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லி அறிவது உரை. தேர்வில் நமக்குக் கொடுக்கப்படும் பத்தி உரை. அதிலிருந்து கருதல் செய்யச் சொல்கிறார்கள். நம்முடைய காட்சிக்கும், வெளியே நாம் கேள்விப்பட்டதற்கும் அங்கே வேலை இல்லை. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் யுபிஎஸ்சி நடத்தும் சிசாட் என்ற திறனறித் தாளில் பத்திகளுக்கு மேலே அச்சிடும் குறிப்பே, விடைகள் பத்தியை மட்டும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. நன்றாகப் பொது அறிவு படித்தவர்கள் இந்தக் கேள்விகளில் சறுக்குவதற்கு இதுதான் காரணம். தெரிந்த விஷயத்தைப் பற்றிய பத்தி வந்தால் இரட்டிப்பு கவனம் தேவை.

வழிகளை ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும். பயிற்சிக்காக நானே எழுதிய பத்தி இது. தேர்வில் வருவதைவிடச் சிறியது, ஆனால் வேலைக்குப் போதும்.

“பழைய கடல் வரைபடங்களில் கரையோரம் நுணுக்கமாகவும் உள்நாடு வெறுமையாகவும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, வரைந்தவர்களுக்கு உள்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அந்த வரைபடங்களை வாங்கியவர்கள் மாலுமிகள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை பாறைகளும் ஆழமும் துறைமுகங்களும் மட்டுமே. உள்நாட்டை நன்கு அறிந்திருந்த சில வரைவாளர்கள்கூட அதை வரையாமல் விட்டார்கள். வரைபடத்தின் வெற்றிடம், வரைந்தவரின் அறிவைவிட வாங்கியவரின் தேவையையே அதிகம் காட்டக்கூடும்.”

இதிலிருந்து எதை உய்த்துணரலாம்?

அ. கடல் வரைபடங்களை வரைந்தவர்கள் எல்லாருக்கும் உள்நாட்டைப் பற்றித் தெரிந்திருந்தது.
ஆ. வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாக இருப்பது, வரைந்தவருக்கு அந்த இடம் தெரியாது என்பதற்குப் போதுமான சான்று ஆகாது.
இ. உள்நாட்டு விவரங்கள் நிறைந்த வரைபடங்களை வாங்க மாலுமிகள் விரும்பவில்லை.
ஈ. வாங்குபவரின் தேவைக்காக வரையப்படும் வரைபடங்கள் மற்ற வரைபடங்களைவிட நம்பகமானவை.

மேலே படிப்பதற்கு முன் ஒரு விடையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் படிப்பது?

பத்தி முதலிலா, கேள்வி முதலிலா என்ற வாக்குவாதம் எல்லாத் தேர்வுக் குழுக்களிலும் நடக்கும். நான் ஏறக்குறைய ஓராண்டு கேள்வியை முதலில் படிக்கும் வழியைப் பின்பற்றினேன். அதில் ஓர் ஆறுதல் உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு பத்திக்குள் போகிறோம். நேரடித் தகவல் கேள்விக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஒரு பெயரையோ ஆண்டையோ கேட்டால் கண் நேராக அங்கே போய் நிற்கும்.

இன்ஃபரன்ஸ் கேள்விக்கு அதே பழக்கம் குழி பறிக்கிறது. கண் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டே ஓடும்போது ‘ஆனால்’, ‘எனினும்’, ‘சிலர் சொல்வதுபோல்’ என்கிற திருப்பங்களைத் தாண்டிவிடுகிறது. மேலே உள்ள பத்தியில், வரைந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது யாருடைய கருத்து? ஆசிரியருடையது அல்ல, ‘சிலர்’ சொல்வது. ஆசிரியர் அதை மறுக்கத்தான் பத்தியையே எழுதுகிறார். தேடிப் படிக்கிறவர் ‘வெறுமை’, ‘தெரியாது’ என்ற இரண்டு சொற்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, கருத்தை மாற்றி ஆசிரியர் தலையில் ஏற்றிவிடுவார். இன்னொன்றும் உண்டு. இன்ஃபரன்ஸ் கேள்விகள் பெரும்பாலும் ‘பின்வருவனவற்றில் எதை உய்த்துணரலாம்’ என்று மட்டுமே கேட்கும். முன்கூட்டிப் படித்தாலும் அதில் தேடுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

சில தேர்வுகளில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் திரையில் வரும். பத்தி ஒரு பக்கம், முதல் கேள்வி மறுபக்கம். மற்றக் கேள்விகள் என்னவென்று முன்பே பார்க்க முடியாது. சிசாட்டில் பத்திகள் சிறியவை, பலவற்றுக்கு ஒன்றிரண்டு கேள்விகள்தான். ஐந்தாறு வரிப் பத்திக்கு முன்னால் கேள்வியைப் படிப்பதில் மிச்சமாகும் நேரம் ஒன்றுமில்லை. ஐஐஎம்களுக்கான கேட் தேர்வில்தான் எதை முதலில் படிப்பது என்ற முடிவு உண்மையில் நம் கையில் இருக்கிறது. சமீப ஆண்டுகளில் அங்கே நீளமான பத்திகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். அங்கேயும் என் ஓட்டு பத்திக்குத்தான். நான்கு கேள்விகளையும் ஆப்ஷன்களோடு படித்துவிட்டுப் போனால், பதினாறு வாக்கியங்கள் மனதில் மோதிக்கொண்டிருக்கும். அவற்றில் முக்கால்வாசி தவறானவை வேறு. தவறான வாக்கியத்தை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குள் போனால், பத்தி அதைச் சொல்வது போலவே தோன்ற ஆரம்பிக்கும். கேள்வியை மட்டும், ஆப்ஷன் இல்லாமல், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால் அதில் பெரிய கெடுதல் இல்லை.

மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கேள்விக்கு ஏற்பத் திரும்பி வருவது மூன்றாவது வழி. படு வேகமாகப் படிக்கக்கூடிய, ஆங்கிலத்தில் புழங்கி வளர்ந்த சிலருக்கு இது அமைகிறது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சப்படுத்திய நேரம் கடைசி இரண்டு ஆப்ஷன்களுக்கு முன்னால் திகைத்து நிற்பதில் கரைந்துவிடுகிறது.

பத்தி முதலில் என்று முடிவு செய்தால், படிக்கும்போது எல்லாவற்றையும் மனதில் ஏற்ற வேண்டியதில்லை. ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார், எந்தக் கருத்து அவருடையது அல்ல, பேச்சு எந்த இடத்தில் திரும்புகிறது, இவ்வளவு தெரிந்தால் போதும். விவரங்கள் அங்கேயேதான் இருக்கும்; திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆப்ஷன்களுக்கு முன்னால் நிற்கும்போது

மதிப்பெண் கூடுவதும் குறைவதும் உண்மையில் இங்கேதான். படிக்கும் வரிசையைப் பற்றி விவாதிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்திருந்தால் எனக்கு ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

முதல் வழி, விடையை முன்கூட்டியே யோசிப்பது. ஆப்ஷன்களை மறைத்துவிட்டு, ‘என் விடை இது’ என்று மனதில் ஒரு வாக்கியம் அமைத்துக்கொண்டு, அதற்கு நெருங்கியதைத் தேர்ந்தெடுப்பது. பத்தியின் மையக் கருத்தைக் கேட்டால் இந்த வழி அருமையானது, ஏனென்றால் மையக் கருத்து ஒன்றுதான். ஆனால் ஒரு பத்தியிலிருந்து உய்த்துணரக்கூடியவை எத்தனை? எழுத ஆரம்பித்தால் பத்து இருபது வரும். வினா அமைத்தவர் அவற்றில் ஒன்றைத்தான் எடுத்திருப்பார், அது நாம் நினைத்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரைபடப் பத்தியைப் படித்துவிட்டு, ‘வாங்குபவர்களுக்காகத்தான் வரைந்தார்கள்’ என்று ஒருவர் மனதில் விடை அமைத்தார் என்று வைத்துக்கொள்வோம். தவறில்லாத எண்ணம். ஆனால் அந்த எண்ணத்தோடு ஆப்ஷன்களுக்கு வந்தால் எது நெருங்கியது போலத் தெரியும்? இ தெரியும், ஈ தெரியும். இரண்டிலும் வாங்குபவர் வருகிறார். ஆ கண்ணில் படாமலே போகலாம். ‘மூன்றாவது பத்தியில் ஆசிரியர் இந்த எடுத்துக்காட்டைத் தருவதிலிருந்து என்ன தெரிகிறது’ என்று குறிப்பிட்ட இடத்தைச் சுட்டிக் கேட்கும்போது மட்டும் இந்த வழியைக் கையில் எடுக்கலாம்.

இரண்டாவது, கழித்தல். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் செய்வது. அ-வில் ‘எல்லாருக்கும்’ என்று இருக்கிறது. பத்தி ‘சில வரைவாளர்கள்’ என்றுதான் சொன்னது. தள்ளலாம். ஈ நம்பகத்தன்மை பற்றிப் பேசுகிறது; பத்தி அந்தப் பக்கமே போகவில்லை. அதையும் தள்ளலாம். இரண்டு ஆப்ஷன்கள் சில நொடிகளில் போய்விட்டன. வேகத்தில் இதற்கு நிகரான வழி இல்லை.

ஆனால் கழித்தலைச் சில சொற்களை வைத்து மந்திரம் போலப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘மட்டும்’ என்று வந்தால் தவறு. ‘சில’, ‘கூடும்’ என்று வந்தால் சரி. இது பாதி உண்மை. அளவான சொற்களை உடைய வாக்கியத்தை நிரூபிப்பது எளிது, அதனால் சரியான விடைகள் பல அப்படி இருக்கின்றன. ஆனால் பத்தியே ‘ஒருவரும் இல்லை’ என்று அடித்துச் சொல்லியிருந்தால், அடித்துச் சொல்லும் ஆப்ஷன்தான் சரி. வினா அமைப்பவர்களுக்கும் இந்தக் குறுக்குவழி தெரியும். அதனால்தான் ‘சில வேளைகளில் இருக்கக்கூடும்’ என்று பணிவாகப் பேசிக்கொண்டே பத்தியில் இல்லாத விஷயத்தை நுழைக்கும் ஆப்ஷன்களையும் வைக்கிறார்கள். சொல்லைப் பார்த்து எச்சரிக்கை அடையலாம், தீர்ப்பு எழுதக் கூடாது.

கழித்தலின் பெரிய குறை வேறு. அது கடைசி இரண்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இப்போது நம் முன்னால் ஆ-வும் இ-யும் நிற்கின்றன. எது ‘இன்னும் நல்லது’ என்று இரண்டையும் ஒப்பிட ஆரம்பிக்கிறோம். அந்த ஒப்பீட்டில் ஜெயிப்பது பெரும்பாலும் தவறான ஆப்ஷன்தான், ஏனென்றால் கவர்வதற்காகவே அதைச் செதுக்கியிருக்கிறார்கள். இ-யைப் பாருங்கள். மாலுமி வருகிறார், வரைபடம் வருகிறது, உள்நாடு வருகிறது, ‘மட்டுமே’ என்ற பத்தியின் சொல்லோடு ஒத்துப்போகிறது. ஆ-வோ சுற்றி வளைத்து, ‘போதுமான சான்று ஆகாது’ என்று எதிர்மறையில் பேசுகிறது. படிக்கவே பிடிப்பதில்லை.

இங்கே உதவுவது மூன்றாவது வழி: எதிராக்கிப் பார்ப்பது. ஆப்ஷனை அப்படியே தலைகீழாக்க வேண்டும். பிறகு அது பத்தியோடு முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முட்டினால் ஆப்ஷன் சரி. முட்டாமல் இரண்டும் சேர்ந்து வாழ முடிகிறது என்றால் ஆப்ஷன் தவறு.

இ-யை எதிராக்கினால்: ‘உள்நாட்டு விவரங்கள் நிறைந்த வரைபடங்களை வாங்க மாலுமிகள் விரும்பினார்கள்.’ பத்தி இதோடு சண்டை போடுகிறதா? அவர்களுக்குத் தேவைப்பட்டவை பாறையும் ஆழமும் துறைமுகமும் என்றுதான் பத்தி சொன்னது. தேவைப்படாத ஒன்றை ஒருவர் விரும்பலாம். இன்னும் சொன்னால், அழகுக்காகவே வாங்கியும் வைக்கலாம். முட்டவில்லை. ஆகவே இ பத்தியிலிருந்து கட்டாயமாக வருவது அல்ல. இப்போது ஆ: ‘ஓர் இடம் வெறுமையாக இருந்தாலே, வரைந்தவருக்கு அது தெரியாது என்று சொல்லிவிடலாம்.’ பத்தியில் ஒரு வாக்கியம் நேராக இதன்மேல் மோதுகிறது. உள்நாட்டை நன்கு அறிந்திருந்த சில வரைவாளர்கள்கூட அதை விட்டார்கள். அந்தக் ‘கூட’தான் முழு வேலையையும் செய்கிறது. தெரிந்தும் விட்டவர் ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், வெற்றிடம் அறியாமைக்குச் சான்றாகாது. விடை ஆ.

இந்த வழியின் விலை நேரம். நான்கு ஆப்ஷன்களையும் எதிராக்கிக்கொண்டிருந்தால் தாள் முடியாது. கேட்டில் பத்திக் கேள்விகள் வரும் பிரிவில் 40 நிமிடத்தில் 24 கேள்விகள். படிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கேள்விக்கு 100 நொடிதான். சிசாட்டில் 2 மணி நேரத்தில் 80 கேள்விகள், அதாவது கேள்விக்கு 90 நொடி. சட்டப் படிப்புக்கான கிளாட்டில் 120 நிமிடத்துக்கு 120 கேள்விகள். இரண்டு ஆப்ஷனை எதிராக்கப் பழகிய கைக்கு இருபது நொடி போதும். நான்கையும் எதிராக்க எந்தத் தேர்வும் நேரம் கொடுப்பதில்லை. அதனால் என் முடிவு ஒரு கலவை: இரண்டு வரை கழித்தல், இரண்டுக்கு வந்ததும் எதிராக்கல். ஒப்பிடுவதை அங்கே நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் தனியாகப் பத்திக்கு எதிரே நிறுத்த வேண்டும்.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ எழுதுகிறவர்களுக்கு இது கூடுதல் அவசியம். அங்கே ஒரு வகைக் கேள்வியில் மூன்று ஆப்ஷன்கள் தந்து, பொருந்துகிற எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒன்று சரியாக இருக்கலாம், மூன்றும் சரியாக இருக்கலாம். ஒன்றை விட்டாலும் மதிப்பெண் கிடையாது. பாதி மதிப்பெண் என்ற பேச்சே இல்லை. அங்கே கழித்துக்கொண்டு வந்து கடைசியில் நிற்பதைக் குறிக்கும் வழி வேலை செய்யாது. ஒவ்வொன்றையும் தனியாக நிரூபிக்கத்தான் வேண்டும்.

‘பின்வருவனவற்றில் எதை உய்த்துணர முடியாது’ என்று திருப்பிக் கேட்பதும் உண்டு. கேட்டில் இது அடிக்கடி வருகிறது. இங்கே மூன்று ஆப்ஷன்களுக்குப் பத்தியில் ஆதாரம் இருக்கும், ஒன்றுக்கு இருக்காது. ஆதாரம் இல்லாதது பொய்யாக இருக்க வேண்டியதில்லை; உலகத்தில் அது உண்மையாகவே இருக்கலாம், பத்தியிலிருந்து வரவில்லை என்பது மட்டும்தான் விஷயம். பொய்யைத் தேடிப் போகிறவர்கள் இதில் திண்டாடுகிறார்கள். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பத்தியில் ஒரு வரியை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நிற்பது விடை.

இன்ஃபரன்ஸும் முன்கோளும் ஒன்றல்ல

சிசாட் தாளில் ஒரே பத்திக்குக் கீழே இன்ஃபரன்ஸ் கேட்டுவிட்டு, அடுத்ததில் அஸம்ப்ஷன், அதாவது ஆசிரியர் சொல்லாமலே எடுத்துக்கொண்ட முன்கோள் என்ன என்று கேட்பார்கள். எதிராக்கிப் பார்ப்பது இரண்டுக்கும் உதவும், ஆனால் வேறு வேறு மாதிரி. இதைக் கலந்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. “நூலக நேரத்தை இரவு 10 மணி வரை நீட்டியதும் வருகை கூடியது. ஆகவே நேரத்தை இன்னும் நீட்டினால் வருகை இன்னும் கூடும்.” இதில் உய்த்துணரக்கூடியது: நீட்டுவதற்கு முன் நூலகம் 10 மணிக்குள் மூடப்பட்டது. எதிராக்கினால், ‘நீட்டியதும்’ என்ற சொல்லோடு முட்டுகிறது. முன்கோள் வேறு: 10 மணிக்குப் பிறகும் வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இதை எதிராக்கிப் பாருங்கள். 10 மணிக்குப் பிறகு ஒருவரும் வர மாட்டார்கள். சொல்லப்பட்ட தகவல் எதனோடும் இது முட்டவில்லை. ஆனால் ‘ஆகவே’ என்று தொடங்கும் முடிவு சரிந்து விழுகிறது. இன்ஃபரன்ஸ் பத்தியிலிருந்து கீழே சொட்டுவது. முன்கோள் பத்தி ஏறி நிற்கும் தரை. கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை வட்டமிட்டுவிட்டு ஆப்ஷனுக்குப் போகும் பழக்கம் மட்டும் எத்தனையோ மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

ஆங்கிலம் வழியாக வரும் தொல்லை

நாம் பத்தியை ஆங்கிலத்தில் படித்தாலும் யோசிப்பது பாதி தமிழில். அந்த வழியில் சில சின்னச் சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன, இன்ஃபரன்ஸ் கேள்வி பெரும்பாலும் அந்தச் சொற்களின் மேல்தான் கட்டப்பட்டிருக்கும். ‘எ ஃப்யூ’ என்றால் கொஞ்சம் உண்டு. ‘ஃப்யூ’ என்று மட்டும் இருந்தால் அநேகமாக இல்லை. இரண்டையும் ‘சில’ என்று மனதில் மொழிபெயர்த்துவிட்டால் ஆசிரியரின் கருத்தே தலைகீழாகிறது. ‘அன்லெஸ்’ வரும்போது ‘இல்லாவிட்டால்’ என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். ‘நாட் அன்காமன்’ போன்ற இரட்டை மறுப்பை ‘அரிதல்ல’ என்று படிக்க ஒரு நொடி அதிகமாகும். அந்த நொடியைக் கொடுக்கத்தான் வேண்டும். ‘சம்’ என்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சிலர் விட்டார்கள் என்றால் மற்றவர்கள் விடவில்லை என்று காது தானாகவே சேர்த்துக்கொள்ளும். பத்தி அப்படிச் சொல்லவில்லை. குறைந்தது ஒருவர் விட்டார், அவ்வளவுதான். தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் தங்களுக்கு ஆங்கிலம் வராததால்தான் தவறுகிறது என்று மனம் தளர்வதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் பத்தியின் கடினமான சொற்கள் அல்ல, இந்த ஐந்தாறு சின்னச் சொற்கள்தான் காலை வாருகின்றன. அவற்றைச் சரிசெய்ய ஆண்டுகள் வேண்டாம், சில வாரங்கள் போதும்.

தெரியாவிட்டால் குறிப்பதா, விடுவதா?

எதிராக்கிப் பார்த்தும் இரண்டும் தப்பிவிட்டால் தேர்வு விதிதான் முடிவு செய்ய வேண்டும். கேட்டில் சரிக்கு 3, நான்கு ஆப்ஷன் கேள்வியில் தவறுக்குக் கழிவு 1. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகப் பூச்சியம். சிசாட்டிலும் அப்படித்தான், சரிக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. உறுதியாக இரண்டைக் கழித்துவிட்டால் கேட்டில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 1 மதிப்பெண் லாபம். கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்கு 0.25 மட்டும், அங்கே தைரியமாகவே குறிக்கலாம். ஜிஆர்இ, அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் இரண்டிலும் தவறுக்குக் கழிவு இல்லை, காலியாக விடுவது வீண்.

கணக்கு இப்படிச் சொன்னாலும் நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். இன்ஃபரன்ஸ் கேள்வியில் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்பது நம் கற்பனை. தவறான ஆப்ஷன் கவர்வதற்காகவே எழுதப்பட்டிருப்பதால், உள்ளுணர்வை நம்பிக் குறிக்கிறவருக்கு நான்கில் ஒன்றுதான் சரியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் அவருடைய லாபம் பூச்சியமாகிவிடும். உங்கள் விகிதம் என்ன என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மாதிரித் தேர்வுகளில் கடைசி இரண்டில் தடுமாறிய கேள்விகளுக்கு மட்டும் ஒரு குறி போட்டு வாருங்கள். முப்பது நாற்பது சேர்ந்ததும் எத்தனை சரி என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் குறியுங்கள். கால்வாசி பக்கம் என்றால் உங்கள் உள்ளுணர்வு வினா அமைத்தவரின் கையில் இருக்கிறது. எதிராக்கும் பயிற்சி இன்னும் வேண்டும்.

பயிற்சி: பத்துப் பத்தியா, ஒரு பத்தியா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளுக்கு ஐந்து பத்தி போட்டுவிட்டு மதிப்பெண் எண்ணுவதைவிட, ஒரே பத்தியை எடுத்துத் தவறான ஆப்ஷன் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுவது பலமடங்கு பயன் தரும். சரியாகப் போட்ட கேள்விக்கும் எழுத வேண்டும், ஏனென்றால் தவறான காரணத்தால் சரியான விடைக்கு வந்திருக்கலாம். எழுதி வந்தபோது என் தவறுகள் ஏறக்குறைய எல்லாம் இ போன்றவை என்று தெரிந்தது. பத்தியின் சொற்களை வைத்துக்கொண்டு பத்தி சொல்லாததைச் சொல்லும் ஆப்ஷன்கள். உங்களுடையது வேறாக இருக்கலாம். சிலர் ‘எல்லா’வில் விழுவார்கள், சிலர் மற்றவர் கருத்தை ஆசிரியர் கருத்தாக எடுத்துக்கொள்வார்கள்.

அதற்கு எடுத்துக்கொள்ளும் கேள்விகளும் நல்லவையாக இருக்க வேண்டும். இன்ஃபரன்ஸ் கேள்வியை அமைப்பது கடினமான வேலை. மாதிரித் தேர்வுகளில் விவாதத்துக்குரிய விடைகள் நிறைய வருகின்றன, அவற்றோடு மல்லுக்கட்டினால் சரியாக யோசித்ததையே தவறு என்று பழக்கிக்கொள்வோம். நான் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் விடைக்குறிப்பு பத்தியோடு நேராகவே முரண்பட்டது. இரண்டு நாள் என்னையே சந்தேகப்பட்டேன். அதனால் வேகத்துக்கு மாதிரித் தேர்வு, தருக்கத்துக்குப் பழைய உண்மையான வினாத்தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிசாட் தாள்களை யுபிஎஸ்சி தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது.

தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் பழகலாம்: பத்தி முதலில், இரண்டு வரை கழித்தல், பிறகு எதிராக்கல், கூடவே அந்தச் சின்னச் சொற்கள். மூன்று நான்கு வாரம் மதிப்பெண் இறங்கும், பயந்து பழைய வழிக்குப் போய்விடாதீர்கள். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் படிக்கும் வரிசையில் கை வைக்காதீர்கள். எது பழகியிருக்கிறதோ அதுவே இருக்கட்டும். கடைசி இரண்டு ஆப்ஷன்கள் மிஞ்சும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். நாளைக்கு ஒரு பழைய வினாத்தாளிலிருந்து ஐந்து இன்ஃபரன்ஸ் கேள்விகளை எடுத்து, நேரம் பார்க்காமல், இரண்டு ஆப்ஷன்களையும் தலைகீழாக்கிக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.